பழனிசாமியின் வலது கால்

டிச. 2, திங்கள்
பனி. காலை பத்து மணிக்கும் ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடையில், எதிரே வரும் பைக் தெரியவில்லை. லீவில் வந்ததும் செய்ய நினைத்தவை: கூரை ஒழுகல், பைக் பிரேக், தூக்கம். மூன்றும் அப்படியே.

மலையில் இருக்கும் பழைய பட்டாளத்துக்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது பட்டாளத்தில் இருந்து லீவில் வருகிற எங்கள் வேலை. யாரும் சொல்லவில்லை, நாங்களாக எடுத்துக்கொண்டது. வாட்ஸ்அப் குழுவில், "கொட்டச்சேடு போகணும், யார் வர்றீங்க?" என்று கேட்டேன். கட்டைவிரல் படங்களாக வந்து விழுந்தன. ஆள் ஒருத்தனும் வரவில்லை.

தனியாகவே போனேன். லான்ஸ் நாயக் பழனிசாமி, ரிட்டயராகி எஸ்டேட் வாட்ச்மேன். சர்க்கரை. வலது பாதத்தில் புண், ஷூவுக்குள் மறைத்து வைத்திருக்கிறார். அவர் மனைவி ராஜம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாத்தம் வருதுங்க சாமி. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு. காலு போயிருமோன்னு நொம்ப பயமா இருக்குதுங்க" என்றார்.

டிச. 4, புதன்
தூறல். ஏற்காட்டில் காய்கறிக் கடை காதர் பாய் வேன் கொடுத்தார். சேலம் வரை தக்காளி வாசனை. பழனிசாமி முகம் மழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் தயார். மனைவி வர வேண்டாமாம். "பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் பொம்பள எதுக்குங்க சாப்?" மேலதிகாரிக்குச் சொல்கிற 'சாப்' எனக்கும். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

டாக்டர் மேஜர், யூனிபார்மில். நான் வெளியே மருந்து வரிசையில். உள்ளே போன பழனிசாமி விறைப்பாக சல்யூட் அடித்து, "சப் டீக் சாப்" என்றிருக்கிறார். எல்லாம் நலமாம்! சர்க்கரை மாத்திரையோடு வெளியே வந்தார். எனக்கு விஷயம் தெரிந்தபோது டாக்டர் கிளம்பியாயிற்று. இனி வெள்ளிதான்.

திரும்பும்போது வேனில் அவரிடம் கத்தினேன். அதற்கு அவர்:

"ஆபீசர் முன்னால நின்னு வலிக்குதுன்னு எப்படிங்க சாப் சொல்றது? சிக் ரிப்போர்ட் போடறவன்னு பேராயிருமுங்க."

ரிட்டயராகி எத்தனை வருஷம். இனி யார் பேர் வைக்கப்போகிறார்கள், எஸ்டேட் குரங்கா? எங்கள் யூனிட்டிலும் இதே கதைதான். உடம்புக்கு முடியவில்லை என்று போகிறவனைச் சாப்பாட்டுக் கூடத்தில் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

டிச. 6, வெள்ளி
ராஜம்மாளையும் ஏற்றினேன். பழனிசாமி வழியெல்லாம் உம்மென்று வந்தார். டாக்டர் முன்னால் மறுபடி சல்யூட், மறுபடி "சப் டீக்." ராஜம்மாள் குனிந்து, அந்த ஷூவை இழுத்துக் கழற்றி, டாக்டர் மேஜைமேலேயே வைத்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, இத மோந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. உடனே அட்மிட். கால் தப்பும், இரண்டு விரல் தப்பாது என்றார்.

ரத்தம் வேண்டும் என்று குழுவில் போட்டேன். கை கூப்பும் படங்கள் வந்தன. சனியன்கள். நானே கொடுத்தேன்.

டிச. 9, திங்கள்
வெயில். லீவு முடிந்தது. கூரை இன்னும் ஒழுகுகிறது, என் மனைவி கோபத்தில் என்னோடு பேசவில்லை. ரயிலுக்கு முன்னால் ஆஸ்பத்திரி. யூனிபார்மோடு போனேன், புத்தி கெட்டுப்போய். நான் நாயிப் சுபேதார், அவருக்கு மேல் ரேங்க். பார்த்ததும் கட்டுப்போட்ட காலோடு எழுந்து நிற்கப் பார்த்தார். கையில் ஏறிய டிரிப்ஸ் பிடுங்கிக்கொண்டது. நர்ஸ் என்னைத்தான் திட்டினாள்.

"சப் டீக் சாப்."

அழுகையே வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சித்தப்பா, வலிக்குதுங்களா?"

ராஜம்மாளைப் பார்த்தார். அப்புறம் கதவை.

"ஆமா கண்ணு. நொம்ப வலிக்குது."

"எப்ப இருந்துங்க?"

"ஆடி மாசத்துல இருந்து."