ஒரு தம்ளர் ஆரஞ்சுத் தண்ணீர்

சிஸ்டர்,

இன்று காலை பெட்டியை ஒழித்தபோது அந்த வெள்ளைப் பாவாடை கையில் வந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கசக்கியும் போகாத ஆரஞ்சுக் கறை அதில் அப்படியே இருக்கிறது. தரை துடைக்கக் கிழிக்கலாம் என்று எடுத்தவள், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகிறது. எனக்குச் செய்தி வந்ததே இரண்டு மாதம் கழித்து, பஸ் கண்டக்டர் சொல்லித்தான். அப்போதே எழுதியிருக்க வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்தக் கறை பட்ட சித்திரையில் நாங்கள் காவலூர் மலைப் பக்கம் குடிவந்து ஆறு மாதம்தான். என் கணவருக்கு மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. குழந்தைக்கு ஐந்து மாதம். வீட்டில் கக்கூஸ் கிடையாது. பகலில் புதர்ப்பக்கம் போக எனக்கு வெட்கம். விடிவதற்கு முன்பு ஒரு தரம், இருட்டிய பிறகு ஒரு தரம். நடுவில் அடக்குவேன். அடக்குவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரே குடிக்கமாட்டேன். பால் கொடுக்கிற உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டு போகும்போது உயிர் போய் வந்தது.

சுகாதார நிலையத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீங்கள் இருந்தீர்கள். உங்களை மலைக்காரர்கள் ஊசிக்காரம்மா என்பார்கள். எத்தனை நாள் மருந்தோ அத்தனை புளியங்கொட்டையைப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுப்பீர்கள். பொழுது சாய்ந்தால் ஒன்றை எறிய வேண்டும். கொட்டை தீரும்வரை மாத்திரை. அதுதான் அங்கே கணக்கு.

"உங்களுக்குக் கொட்டை வோணுமாங்க?" என்று என்னையும் கேட்டீர்கள்.

"நான் பி.ஏ., சிஸ்டர்."

எனக்குப் பின்னால் நின்றிருந்த மலைக்காரப் பெண் சும்மா இருக்கவில்லை. "வாத்தியாரூட்டம்மாவுக்குக் கொட்டை எதுக்கு? அவங்க மண்டைலயே அல்லாம் இக்குது."

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் கொஞ்சம் பெருமையாகவே சிரித்தேன். நீங்கள் கொட்டைகளை டப்பாவில் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "செவப்பு மாத்திர எரிச்சலுக்கு. சாப்ட்டப்புறம் மூணு வேளை, ரெண்டே நாளு. வெள்ளை கிருமிக்கு. எரிச்சல் நின்னுபோனாலும் ஏழு நாளும் முழுங்கணும். அப்புறம், இந்த செவப்பு இக்குதே..."

குழந்தை வீறிட்டாள். தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் நீங்கள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப்போய்க் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே எரிச்சல் பாதி குறைந்தது. அடுத்த நாள் விடிகாலையில் பார்த்தால், போனதெல்லாம் ஆரஞ்சுச் சிவப்பு. பாவாடையிலும் அதே சிவப்பு. ரத்தம் என்றே முடிவு செய்துவிட்டேன். சிறுநீரகம் கெட்டுவிட்டது, ஐந்து மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் போகப்போகிறேன். என் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை. படித்த மூளை அதோடு நிற்கவில்லை. சுகம் தருவது சிவப்பு. அப்படியானால் உள்ளே கிழிப்பது வெள்ளைதான் என்று கண்டுபிடித்தது. வெள்ளையை நிறுத்தினேன். பாலிலும் ரத்தம் கலக்குமோ என்று தாய்ப்பாலையும் நிறுத்தினேன். புட்டியைப் பிடிக்காமல் அவள் அழுதாள். மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ள, நானும் கூட அழுதேன்.

சிவப்பு தீர்ந்த மறுநாள் எரிச்சல் முழுசாகத் திரும்பியது, இம்முறை குளிரும் காய்ச்சலுமாக. மலையடிவாரத்து மருந்துக்கடையில் அந்தச் சிவப்பு மாத்திரையையே இன்னும் பத்து வாங்கி வரச்சொல்லி என் கணவரிடம் வெற்றுப் பொட்டலத்தைக் கொடுக்கவிருந்த காலையில்தான், குழந்தைகளுக்கு ஊசி போட நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தீர்கள்.

"இன்னாங்க, கொயந்த இந்த அழு அழுவுது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் முதலில் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தீர்கள், பிறகு என் கண்களை. காமாலை மஞ்சள் இல்லை என்றீர்கள். ஒரு தம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கி, சிவப்புப் பொட்டலத்தின் மடிப்பில் ஒட்டியிருந்த பொடியை அதில் தட்டினீர்கள். தண்ணீர் மெல்ல ஆரஞ்சாயிற்று. அதே நிறம்.

"பாத்துக்கோங்க. இந்தத் தம்ளருக்கும் சிறுநீரகம் கெட்டுப்போச்சா?"

தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாயம், சிஸ்டர். நான்கு நாளாக நான் செத்துக்கொண்டிருந்தது ஒரு சாயத்துக்காக.

"நெறம் மாறும், பயப்படாதீங்கன்னு ஜன்னல்லேர்ந்து கத்தினேனே. பால் குடுக்கறீங்கன்னுதான் டாக்டரு செவப்பை ரெண்டே நாளோட நிறுத்தினாரு. அது வலியத்தான் மறைக்கும். கிருமியக் கொல்ற வெள்ளையக் கட்டி வெச்சிக்கினீங்க. இதுல இன்னும் பத்து வாங்கப் போறாராமே சாரு?" என் கணவர் பொட்டலத்தை மெதுவாக எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். காய்ச்சலைப் பார்த்துவிட்டு வெள்ளையை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கச் சொன்னார். தாய்ப்பாலும் கொடுக்கலாம் என்றார். திரும்பி வரும் வழியில் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். நீங்கள் எனக்கு மறைப்பாக நின்றுகொண்டீர்கள். நிறையத் தண்ணி குடிக்கணும், அடக்கக்கூடாது, வெட்கமாயிருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிப்போகணும் என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கடைசியில், "புரியலன்னா இன்னொரு வாட்டி கேளுங்க. கேட்டா யாரும் உங்க பட்டத்தப் புடுங்கிக்க மாட்டாங்க" என்றீர்கள். ஏழு நாளும் முழுங்கினேன். ஐந்தாம் நாளே நன்றாயிருந்தது, ஆனாலும் முழுங்கினேன்.

இப்போது நாங்கள் படவேட்டில் இருக்கிறோம். மகளுக்கு நான்கு வயது. போன வாரம் அடுத்த வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து, அதே எரிச்சலைச் சொல்லி, "அக்கா, உங்ககிட்ட இதுக்கு மாத்திர மீதி எதுனா இக்குதா?" என்று கேட்டாள். இருந்தாலும் தரமாட்டேன் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பேச ஆரம்பித்ததும் குழந்தை சிணுங்கினான். அவனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றேன். உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், "புரியலீங்க, இன்னொரு தபா சொல்லுங்க" என்று.