நூறு என்று எழுதியிருந்தது

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஒரு பக்கம் முழுதாக எழுதுவது என்று உட்கார்ந்தேன். பாதியிலேயே கை வலிக்கிறது. வலைக் கயிறு இழுத்த கை, ஒரு பேனாவுக்கு இப்படி வலிக்குமா? ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. நேற்று சொன்ன சொல் இன்று தாளில் அப்படியே இருக்கிறது. அறுபத்தெட்டு வயது வரை இது எனக்குத் தெரியாது.

எழுத்து சொல்லிக்கொடுத்தது என் மனைவி ரெரேயா. வயிற்றில் கட்டி வந்து படுத்த பிறகுதான் அவளுக்கு நேரம் கிடைத்தது.

"நான் முன்னாடியே படுத்திருக்கணும் கிழவா. இந்நேரம் நீ பாதிரியாராகியிருப்ப" என்றாள்.

சிரித்தால் வலிக்கிறது அவளுக்கு. அதனால் நான் மட்டும் சிரித்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காயலுக்கு அக்கரையில் இருக்கும் நர்ஸ் ரேடியோவில் கூப்பிட்டாள். நாளை விமானத்தில் ரெரேயாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. தலைநகர் தராவாவில் டாக்டர் பார்ப்பார். விமானம் அக்கரையில் இறங்குவது புதன்கிழமை மட்டும்தான். அதற்கும் சீக்கிரமே வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

கப்பல் வரவில்லை, தீவில் பெட்ரோல் இல்லை. காற்றும் இல்லை, பாய் கட்டிப் பயனில்லை. மீன்பிடி சங்கத்தில் பாட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று இருக்கிறது. இதுவரை யாரும் காயலைக் கடக்க அதை எடுத்துப் போனதில்லை. போய் வாங்கி வந்து என் தோணியில் மாட்டினேன்.

பாட்டரியின் நெற்றியில் பெரிதாக 100 என்று போட்டிருந்தது. யாரையும் கேட்காமல் நானே படித்தேன். ரெரேயாவின் தம்பி கபிரி பல வருஷம் கப்பலில் வேலை பார்த்தவன். அவன் சொன்னான்: "மோட்டார முழு வேகத்துல, அஞ்சுல வெச்சா, மணிக்கு ஐம்பது இழுக்கும் மச்சான்."

நூறை ஐம்பதால் வகுத்தேன். இரண்டு மணி நேரம். முழு வேகத்தில் அக்கரைக்கு ஒன்றரை மணி போதும். ரெரேயா கணக்கைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு 'சரி' போட்டாள்.

பிப்ரவரி 5, புதன்

விமானம் எங்கள் தலைக்கு மேல் போனது.

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

முழு வேகத்தில்தான் போனேன். அவள் பாயில் படுத்திருந்தாள், முகத்துக்குத் துணி. மோட்டார் மேலே, மீதிக் கரண்ட்டைக் காட்டும் பத்து சிறு விளக்குகள். முதல் விளக்கு அணைந்தபோது பயமில்லை. பிறகு ஒவ்வொன்றாக, நான் பார்க்கப் பார்க்க. பாதிக்கு மேல் வந்திருந்தோம். ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். நின்றுவிட்டது.

துடுப்புப் போட்டேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. விமானம் இறங்குவது தெரிந்தது. தென்னைகளுக்குப் பின்னால் போய் மறைந்தது. இன்னும் போட்டேன். பிறகு அது எழும்பியது.

"துணிய எடு, பாக்கணும்" என்றாள். எடுத்தேன். இரண்டு பேரும் பார்த்தோம்.

"என்ன கணக்கு போட்ட நீ?" — கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் என்னத்த சொல்ல? நீதானே சரி போட்ட? அப்படிச் சொல்ல வாய் வரை வந்தது. துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குப் போகணும் என்றாள். திரும்பினோம். சும்மா மோட்டாரைத் திருகிப் பார்த்தேன். ஓடியது. மெதுவாக, இரண்டில் வைத்தபோது, ஏறக்குறைய எங்கள் கரை வரை ஓடியது. அந்தக் கரண்ட் எல்லாம் போகும்போது எங்கே ஒளிந்திருந்தது?

பிப்ரவரி 8, சனி

பாட்டரியைத் திருப்பிக் கொடுக்கும் முன் துடைத்தேன். பக்கவாட்டில் எறும்பு போல எழுத்து. 100 அங்கேயும் இருந்தது. அதன் முன்னால் 20. கீழே 10 என்று ஒரு வரி, எதிரே 90. அப்புறம் 5, எதிரே 80. கடைசியில் 1, எதிரே 55.

கபிரியைக் கூப்பிட்டேன். நெடுநேரம் பார்த்தான்.

"முன்னால இருக்கறது மணிக்கணக்கு மச்சான். இருபது மணி நேரமா கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா நூறு குடுக்கும். ஒரே மணியில உறிஞ்சினா ஐம்பத்தஞ்சுதான்."

"மீதி?"

"உள்ளயே கெடக்கும். அவசரத்துக்கு வராது."

"கப்பல்ல இதெல்லாம் பாத்ததில்லையா நீ?"

"கப்பல்ல நான் பெயின்ட்தான் அடிச்சேன்."

நாற்பது வருஷம் தென்னை ஏறிப் பாளை சீவியவன் நான். மெல்லிசாகச் சீவினால் ஒரு பாளை வாரக்கணக்கில் பதநீர் தரும். ஆசைப்பட்டுத் தடிமனாக வெட்டினால் பாளைதான் சீக்கிரம் தீரும். இது எனக்குத் தெரியாததா? நூறு என்று படிக்கத் தெரிந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

ரெரேயாவிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு பேருக்கும் பாடம் பாதியிலதான் நிக்குது" என்றாள்.

பிப்ரவரி 12, புதன்

பாட்டரியைச் சங்கத்தில் சார்ஜ் போட்டு மறுபடி வாங்கி, விடியும்போதே கிளம்பினோம். இரண்டில் வைத்தேன், ஏற்றவே இல்லை. போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் விமானம் வந்தது. நர்ஸ் மறுபடி பிடித்துத் தந்தது ஒரே இடம். அவள் ஏறினாள். படியில் திரும்பிப் பார்க்கவில்லை, வலி.

திரும்பி வரும்போது காற்று இருந்தது. பாய் கட்டினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

செய்தி இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், அவள் வந்து பார்ப்பாள்.

மார்ச் 4, செவ்வாய்

நர்ஸ் சொல்லிவிட்டாள். அறுத்துப் பார்த்து, அப்படியே தைத்துவிட்டார்களாம். வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

தைத்துவிட்டார்கள் என்றால்? கபிரியிடம் கேட்டேன். அவன் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஒரு வாரம். அந்த ஒரு வாரம் வீணாகப் போகாமல் இருந்திருந்தால்—

மார்ச் 19, புதன்

நேற்றே அக்கரை போய், பாட்டரியை நர்ஸ் வீட்டு சோலாரில் சார்ஜ் போட்டிருந்தேன். இன்று விமானம் வந்தது. அவளை நான் ஒருவனே தூக்கினேன். அவ்வளவுதான் எடை.

"ஒரு வாரத்தால ஒன்னும் மாறலன்னு டாக்டர் சொன்னார்" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. டாக்டர் சொன்னதா, அவளே சொல்கிறாளா?

இரண்டில் வைத்து வந்தோம். தண்ணீர் பச்சையாக, தரை தெரிய இருந்தது. "எழுதினியா?" என்றாள். இந்த நோட்டிலிருந்து படித்துக் காட்டினேன். விரல் வைத்து, மெதுவாக. பாதிரியார் கதை வந்தபோது சிரித்தாள். வலித்தது, ஆனாலும் சிரித்தாள். மார்ச் 4 பக்கத்தைத் தள்ளிவிட்டேன். தள்ளியதைக் கவனித்தாள்.

எங்கள் கரை தெரிந்தது. கபிரியும் சொந்தக்காரர்களும் வரிசையாக நின்றார்கள்.

"விளக்கு எத்தன எரியுது?" என்றாள்.

"அஞ்சு."

"அப்போ ஒரு சுத்து போ கிழவா. எல்லாரும் அழறதுக்குத் தயாரா நிக்கிறாங்க."

ஒன்றில் வைத்துத் திருப்பினேன்.