நம் கிடங்கில் சாகாத வண்டுகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் ஒப்புக்கொண்டால் மாடிக்கு ஏறி இறங்கச் சொல்வேன் என்று பயந்து இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறார். இந்த விஷயத்தை ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நடுவில் நீ "அம்மா, இரும்மா, ஒரு நிமிஷம்" என்று குறுக்கே விழுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் குதி.

போன மாதம் நீ எழுதியிருந்தாய், மருந்துக்குச் சாகாத வண்டு உயிரோடு கிடைக்கவில்லை, எந்தக் கிடங்குக்காரரைக் கேட்டாலும் எங்களிடம் பூச்சியே இல்லை என்று சாதிக்கிறார்கள், இரண்டு மாதத்தில் கிடைக்காவிட்டால் பேராசிரியர் ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார், பேசாமல் திரும்பி வந்து நம் கிடங்கில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் மேஜையை எங்கே போடலாம் என்று மாமாவோடு ஜன்னல் பக்கம் அளந்துகூடப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் என் குற்றம் நினைவுக்கு வந்தது. போன வருஷம் நீ என்னையும் கேட்டாயே, "நம்ம குடோன்ல ஒரு பூச்சி கிடையாது" என்று நான் சொன்னேனே, அது பச்சைப் பொய். கேட்பது நான் பெற்ற பிள்ளை என்று யோசிக்கவில்லை, கோதுமை வாங்க வருகிறவனுக்குச் சொல்கிற பதிலை உனக்கும் சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக நாக்கு அப்படிப் பழகிக் கிடக்கிறது.

பின்கட்டில் மூன்றாவது அடுக்கில் அந்தச் சிவப்பு வண்டு நான்கைந்து வருஷமாக மருந்துக்குச் சாகாமல் இருக்கிறது. மருந்துக்காரர் விஷப்புகை விடுகிற மாத்திரை வைத்து, மூட்டைமேல் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரமெல்லாம் மணல் பை அடுக்கிவிட்டுப் போவார், திறந்தால் கொஞ்சம் செத்துக் கிடக்கும், கொஞ்சம் ஓடும். "மருந்துல கலப்படம்க்கா" என்பார், நானும் நம்பிக் கடையை மாற்றினேன். உன் கடிதம் வந்த பிறகுதான், நீ ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது, பூச்சி மருந்துக்குப் பழகுவதில்லை, செத்தது போக மிச்சம் நிற்பதுதான் குட்டி போடுகிறது என்று. அன்றைக்கு நான் உன்னைக் கிண்டல் செய்தேன். குடிகாரனுக்குச் சாராயம் பழகுகிற மாதிரிதான் இதுவும் என்று சொன்னேன். சரி, யார் சொல்வது சரி என்று பார்த்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன். அதற்கு மருந்து வாசனையே படாத வண்டு வேண்டுமே, எங்கே போவது? நேரே உன் அத்தை வீட்டுக்குப் போனேன். உங்கள் மாவு டப்பாவில் வண்டு இருக்கிறதா அண்ணி என்றேன். "ஏம்மா, என் சமையக்கட்டுக்கே வந்து இதக் கேக்க உனக்கு எப்படி வாய் வந்துச்சு?" என்று ஆடித் தீர்த்துவிட்டார். டப்பாவைத் திறந்து சலித்தால் ஐம்பதுக்கு மேல். முகம் சுருங்கிப்போய், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார், நீ ஆராய்ச்சிக்காரன் என்பதால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு ஊறுகாய்ப் பாட்டில் எடுத்தேன், ஒன்றில் அத்தை வீட்டு வண்டு நாற்பது, இன்னொன்றில் நம் வண்டு நாற்பது, வாயில் மெல்லிய துணி கட்டி, மருந்துக்காரர் கையாலேயே தார்ப்பாய்க்குள் வைக்கச் சொன்னேன். நாலாம் நாள் அவர் திறந்து, காற்று நன்றாகப் போன பிறகு வெளியே எடுத்து வந்தார். அத்தை வீட்டு வண்டு நாற்பதும் மல்லாந்து கிடந்தது. நம் பாட்டிலைத் தட்டினேன், தூக்கம் கலைந்தவன் எழுந்திருக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கால் நீட்டி நடந்தது, எண்ணினால் முப்பத்தொன்று! கிடங்கு வாசலில் நின்று நான் கத்தியதில், யாரோ மூட்டைக்கடியில் மாட்டிக்கொண்டார்கள் என்று மாமா ஓடி வந்தான். அதே இனம், அதே மருந்து, அதே நாலு நாள். மருந்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்போ கடைக்காரன வீணா திட்டிட்டமேக்கா" என்றார்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது, நீ சிரிக்காதே. எட்டு நாள் மூடி வைக்க வேண்டியதை, லாரி வந்து நிற்கிறது என்று நாலு நாளில் திறக்க வைத்தது நான்தான். நோஞ்சானை எல்லாம் கொன்றுவிட்டு, அரைகுறை மருந்தில் தாக்குப்பிடித்ததை மட்டும் விட்டு வைத்து, அதற்கு முதல் தரக் கோதுமையும் போட்டு வளர்த்திருக்கிறேன். விதைக்குப் பொறுக்கி எடுக்கிறவர்கூட இவ்வளவு கவனமாகப் பொறுக்கியிருக்க மாட்டார். இந்த வண்டுக்கு ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதுமாமே, அப்படியானால் உன்னை வளர்த்து ஆளாக்குவதற்குள் என் கிடங்கில் இருநூறு முந்நூறு தலைமுறை வந்து போயிருக்கிறது. யானைக்கு ஒரு குட்டி பெரிதாகப் பதினைந்து வருஷம், அதற்குள் காடு போய்விட்டால் அது எங்கே மாறுவது, எப்போது மாறுவது? பெரியது அழிகிறது, சின்னது தப்பிக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது, எங்கள் தொழில் மாதிரிதான், சரக்கைச் சீக்கிரம் கைமாற்றுகிறவன் விலை சரிந்தாலும் பிழைத்துக்கொள்கிறான், குவித்து வைத்திருக்கிறவன் மாட்டிக்கொள்கிறான்.

பாட்டிலோடு வேளாண் கல்லூரிக்குப் போனேன். தபாலில் உனக்கு அனுப்பிவிடலாமா என்றேன், அங்கே பூச்சி பார்க்கிற அம்மா பதறிப்போய், "உயிருள்ள பூச்சிய அனுமதி இல்லாம தபால்ல அனுப்பினா உங்க பையனையும் உங்களையும் சேர்த்துப் பிடிப்பாங்க" என்றார். மறுநாள் கிடங்குக்கே வந்தார். வண்டைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், ஆனால் பின்கட்டுக் கதவைச் சாத்தியதும் அதன் உள்பக்கம் பார்த்துத் துள்ளினார் பார். மருந்துக்காரர் மூடிய தேதியும் திறந்த தேதியும் நீலச் சாயத்தில் எழுதி வைப்பாரே, யாரும் தெரியாமல் முன்கூட்டித் தார்ப்பாயைத் தூக்கிவிடக்கூடாது என்று, அது பத்தொன்பது வருஷமாக அப்படியே இருக்கிறது. எத்தனை நாள், எத்தனை முறை அரை மருந்து கொடுத்தோம் என்று இவ்வளவு தெளிவாக எங்கேயும் கிடைக்காதாம். கதவை முழம் முழமாகப் படம் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு படிவம் நீட்டினார், கிடங்கின் பெயர், உரிமையாளர், மருந்து வைத்த விதம் எல்லாம் எழுத வேண்டும். மாமா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "பேர் போடாதக்கா, நாளைக்கு ஊரே வண்டுக் குடோன்னு சொல்லும்" என்றான். அவன் பயம் நியாயம்தான். பெயர் இல்லாமலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது கதவுத் தேதியைச் சாட்சியாகக் காட்ட முடியாது என்றார் அந்த அம்மா. உனக்கு ஏற்கெனவே ஒரு பொய் சொன்னது போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேறு வாய் வழியாகப் போவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவோம் என்று நம் பெரிய வாடிக்கையாளரான மாவு மில்காரரிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார், சரக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில், "நம்ம மில்லுலயும் இதே கததான்மா, மூணு வருஷமா தூக்கமில்ல. அது எதுக்குத்தான் சாகும்னு உங்க பையன் கண்டுபிடிப்பானா?" என்றார். வீட்டுக்கு வருவதற்குள், அவர் சொல்லி, இன்னும் இரண்டு கிடங்குக்காரர்கள் அதே கேள்வியோடு ஃபோன். இத்தனை பேரும் இல்லை இல்லை என்றே உன்னை அலைய விட்டிருக்கிறோம்.

அதனால் நீ இப்போது வராதே ராசா. கிடங்கில் உட்கார நானும் மாமாவும் இருக்கிறோம், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இங்கே ஆள் இல்லை. அனுமதி வரும்வரை கல்லூரிக்காரர்கள் அந்த வண்டுகளை அவர்கள் கண்ணாடி அறையில் வளர்க்கிறார்கள், தீனிக்கு நானே கோதுமை அனுப்பினேன், சுத்தமாகப் புடைத்து, கல் பொறுக்கி. மற்ற அடுக்கெல்லாம் இனி எட்டு நாளுக்குக் குறைந்து திறப்பதில்லை, லாரி நின்றால் நிற்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நீ எடுத்த காரியம் கைகூடி நல்ல பேரோடு நீடூழி வாழ வேண்டும். இதோடு வைத்திருக்கிற அனுமதி விண்ணப்பத்தில் உன் பேராசிரியர் கையெழுத்தை வெள்ளிக்கிழமைக்குள் வாங்கி அந்தக் கல்லூரி அம்மாவுக்கு அனுப்பு, சோம்பல்படாதே. அத்தை வீட்டு வண்டைப் பற்றி எழுதினால் "ஒரு வீட்டில்" என்று மட்டும் எழுது, நம் கிடங்கின் பெயரைத் தாராளமாகப் பெரிய எழுத்திலேயே போடு.

இப்படிக்கு,
உன்னிடம் இனி பொய் சொல்லாத,
அம்மா