ஆறடி மூன்றங்குலம்

கண்ணு,

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. லாயத்துச் சாவி ஆணியில்.

பத்து மணிக்குக் கடைக்காரர் புதுப் போர்வை கொண்டுவருவார். கூடவே நின்று குதிரைக்குப் போட்டுப் பார். மார்புக் கொக்கியை மாட்டிய பிறகும் உள்ளே உன் கை தாராளமாக நுழைய வேண்டும்.

"அப்பாவ உதைச்சதுக்குப் போர்வை ஒரு கேடா? வித்துத் தொலைங்க" என்று நேற்று கத்தினாய். தப்பு குதிரை மேல் இல்லை.

பழைய போர்வையை அளவெடுத்து வாங்கியதாக நான் சொன்னது பொய். கண்ணாலேயே மட்டுக்கட்டி ஏழடியில் வாங்கினேன். அது வயிற்றுக்கு அடியில் சரிந்து பின்னங்காலில் சுற்றிக்கொண்டது. அதை விடுவிக்கத்தான் அப்பா குனிந்தார். குதிரை மிரண்டு உதைத்துவிட்டது.

முந்தாநாள்தான் டேப் வைத்து, குதிரையை நெஞ்சு நடுவிலிருந்து வால் வரை அளந்தேன். ஆறடி மூன்றங்குலம். அளந்து முடிக்கும்வரை அசையாமல் நின்றது.

அப்பா இனி கோல் ஊன்றாமல் நடக்க மாட்டாராம். விழிக்கும்போதெல்லாம், "நான்தான் போர்வையோட வார சரியா கட்டல" என்கிறார். இரண்டு நாளும் சொல்லப் போய், சொல்லாமலே திரும்பினேன். அதனால்தான் உனக்கு முதலில் எழுதிவிட்டேன். இனி நான் மழுப்ப முடியாது.

அம்மா

பி.கு. திட்டுவதானால் வந்ததும் என்னைத் திட்டு. குதிரைக்குப் பக்கத்தில் சத்தம் போடாதே, இன்னும் மிரளுகிறது.