பால் ஒட்டிய மடக்குக் கத்தி

1927 ஐப்பசி, ஞாயிறு இரவு

பெரிய பேரன் ரயில்வேயில் கிளார்க். சின்னவன் பள்ளிக்கூடத்தில் முதல் ஆள். பேத்தி செல்லமோ நேற்று ரப்பர் காட்டில் வழிமறித்த குடிகாரனைத் தன்னந்தனியாக விரட்டியிருக்கிறாள்.

இன்று எல்லாரும் சிலிபின் ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தபோது அவளே சொன்னாள். ரப்பர் பால் வாளிகளை இறக்கிவைத்துவிட்டு, மடியிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்தாளாம். தினமும் கைப்பட்ட ரப்பர் பால் கத்தியின் ஆணியில் காய்ந்து ஒட்டிப்போய், அலகு திறக்கவில்லை. உடனே வாளி சுமக்கும் கம்பைச் சுழற்றி அவன் முழங்காலில் ஒன்று போட்டாளாம். நொண்டிக்கொண்டே ஓடினானாம். வாளியிலிருந்து ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

கத்தி வாங்கிக்கொடுத்த என் மருமகன் சண்முகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அடுத்தது இடுக்கு அகலமா வச்சதா வாங்கித் தாரேன். பால் தங்காது."

அவளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த அப்பன், என் மகன் மாணிக்கம், சிரித்தான். "கம்புக்கு ஆணி ஏது மச்சான்?"

"கம்ப மடியில சொருக முடியுமா லா?"

செல்லம் குறுக்கே வந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு நான் வேலைக்குப் போலாமா, அத சொல்லுங்க."

மாணிக்கத்தின் சிரிப்பு நின்றது. "வேணாம். இங்கேயே ஆத்தாகூட இருக்கட்டும்" என்றான்.

"ஓடினவன் அவன். இவ ஏண்டா ஒளியணும்?" என்றேன்.

மாணிக்கம் சாயங்காலம் அவளையும் ரப்பர் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

விடியுமுன் இருட்டில் கிளம்புவாள். அந்தப் பயல் மறுபடியும்... இல்லை, வரமாட்டான். என்னிடம் இருக்கும் படத்தில் அவள் பல் விழுந்த குழந்தை. கம்போடு நிற்கிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லவேண்டும்.