‘அசைபோடு’ என்று ஓர் அட்டை

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் முடியவில்லை. அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், நடுவில் பொருள், கீழே எடுத்துக்காட்டு. அ வரிசை என் பொறுப்பு. ‘அசடு’ அரை மணியில் முடிந்தது. ‘அசதி’ ஐந்தே நிமிடம், சொந்த அனுபவம். ‘அசைபோடு’ மட்டும் மூன்று வாரமாக மேசையில் கிடக்கிறது. அது நகர்ந்தால்தான் ‘அசைவு’, ‘அச்சகம்’, ‘அச்சம்’ எல்லாம் நகரும்.

அகராதி ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஆழமா யோசிக்கிறதுக்கு ஒரு சொல்லு. பொருள் எழுதச் சொன்னா நீங்க அதுக்குள்ளேயே குடியேறிட்டீங்களே!”

என் சிக்கல் அவருக்குப் புரியவில்லை. சொல் மாட்டிடமிருந்து வந்திருக்கிறது. ‘அசை’ என்றால் அசைவு. தாடை அசைவதைப் பார்த்து யாரோ வைத்த பெயராக இருக்கும் என்பது என் ஊகம். பிறகு மனிதன் அதைக் கடன் வாங்கி, தன் யோசனைக்கு வைத்துக்கொண்டான். மாடு செய்வதைப் பார்க்காமல் மனிதன் செய்வதை எப்படி எழுதுவது? நான் மாட்டைக் கடந்து போயிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆசிரியர் ஒரு மாட்டு டாக்டரின் விலாசம் கொடுத்தார். ஊர் முடிகிற இடத்தில் பால் பண்ணை. ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் மூன்று பேனா, நரைத்த மீசை. வந்த விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “கடிகாரம் கட்டியிருக்கீங்களா? அப்போ எண்ணுங்க” என்றார்.

படுத்திருந்த பழுப்பு மாட்டின் கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. கண்ணால் பார்த்தேன்! மாடு அதை மென்றது. ஐம்பத்தாறு தடவை. விழுங்கியது. ஒரு மூச்சு. அடுத்த உருண்டை.

“நாப்பதுக்குக் கீழ போனா நான் பெட்டியத் திறக்கணும். அறுபதுகிட்ட இருந்தா வீட்டுக்குப் போகலாம்” என்றார். அந்த மாட்டுக்குப் பெயர் ‘மேனேஜர்’. லீவு கேட்டவனைப் பார்ப்பது போல எல்லோரையும் பார்க்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடியும் போனேன். எண்ணிக்கையைச் சரிபார்க்க.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடியும். தங்கை மாடிப்படியில் மறித்துக்கொண்டாள். “அக்கா, மாடு பாக்கப் போறவ எதுக்கு இஸ்திரி போட்ட புடவை?”

போடி.

ஜூன் 29, ஞாயிறு

கேட்டுவிட்டார்.

வேலிக் கம்பியில் சாய்ந்தபடி, மேனேஜரைப் பார்த்துக்கொண்டே: “வீட்டுக்காரி போய் ஒன்பது வருஷம். பேசாம இருந்து பழகிட்டேன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை மட்டும் பழகல. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

எனக்கு நாற்பத்தொன்பது வயது. “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். வேறு என்ன சொல்வேன், எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதானே.

“ஆற அமர யோசிங்க” என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

யோசிக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

பண்ணைக்குப் போகவில்லை. தலைவலி என்று தங்கையிடம் சொன்னேன். பொய்.

இருபத்தாறு வயதில் ஒருவர் கேட்டார், ஒரே நிமிடத்தில் சரி என்றேன். பதினான்கு மாதத்தில் ஒரு பெட்டியோடு தங்கை வாசலில் நின்றேன். அதற்குப் பிறகு எதையும் யோசிக்காமல் செய்ததில்லை. செருப்பு வாங்கக்கூட இரண்டு தடவை கடைக்குப் போவேன். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது, சரி. ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கரையிலேயே நின்று ஆழத்தை அளந்துகொண்டிருப்பவளை என்னவென்று சொல்வது?

ஜூலை 10, வியாழன்

தங்கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவளிடம் எதை மறைக்க முடிந்திருக்கிறது. “நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த மனுஷனுக்குப் பல்லு கொட்டிடும். அப்புறம் அவரால அசைபோடக்கூட முடியாது” என்றாள்.

கோபித்துக்கொண்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் சிரித்தேன்.

ஜூலை 16, புதன்

அலுவலகத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் இரண்டு நாளாக அசைபோடவில்லையாம். “சொல்லணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்ல” என்றார். பதிலுக்காக அழைக்கவில்லை என்பதை அப்படிச் சொல்கிறார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். மேனேஜரைப் புதுக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்திலேயே பால் கறக்கும் மெஷின், ஓயாத இரைச்சல். காது விறைத்து, தாடை இறுகி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாட்டுக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால்!

“உடம்புல குறை ஒண்ணும் இல்ல. பயம். பயந்த மாடு அசைபோடாது” என்றார். “மனசு அடங்கணும். அப்பதான் உள்ள இருக்கிறது மேல வரும்.”

பழைய இடத்துக்கே திரும்ப நடத்திப் போனோம். நான் முன்னால், அவர் பின்னால். மேனேஜர் நடுவில், விசாரணைக்குப் போவது போல.

ஜூலை 17, வியாழன்

அசைபோட்டுவிட்டது!

காலை ஏழு மணிக்குப் போய் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். எட்டரைக்கு மேனேஜர் முன்னங்காலை மடித்துப் படுத்தது. பெருமூச்சு விட்டது. கழுத்தில் உருண்டை ஏறியது. முப்பத்தொன்று. அடுத்தது நாற்பத்து நான்கு. அதற்கடுத்தது ஐம்பத்திரண்டு! “ஐம்பத்திரண்டு!” என்று நான் போட்ட கூச்சலில் மாடு மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. லீவு கிடையாது.

அவர் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நானும்தான். தலைகால் புரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது உறைத்தது. இந்த இருபத்திரண்டு வருடம் நான் செய்தது அசைபோடுவதே இல்லை. பயந்து தாடையை இறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன், அதற்கு யோசனை என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மையாக நான் யோசித்தது அந்த வைக்கோல் கட்டின் மேல், ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் பக்கத்தில். அங்கே எனக்குப் பயமே இல்லை. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதியே விட்டேன். பிடித்திருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

பத்தே நிமிடத்தில் அட்டை முடிந்தது. ‘அசைபோடு: 1. (மாடு முதலியன) பயமின்றி ஓய்ந்திருக்கையில், விழுங்கிய இரையை வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுதல். 2. (மனிதர்) நடந்ததை மனம் அடங்கி மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தல்.’

அதே சூட்டில் இன்னோர் அட்டையும் எழுதினேன். நேரில் சொல்ல வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று. ‘சம்மதம்: ஒப்புதல். எ.கா. “அவர் கேட்டதற்கு எனக்கு முழுச் சம்மதம்.”’

ஜூலை 19, சனி

ஐயோ. கைப்பையில் அந்த அட்டை இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

வீடு முழுக்கத் தேடினேன். அட்டை இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்று போகவில்லை. “கடிதாசி இல்லாட்டி வாய் இல்லையா உனக்கு?” என்றாள் தங்கை. இல்லை.

ஜூலை 21, திங்கள்

நினைத்தபடியே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைக் கட்டோடு அட்டை ஆசிரியரிடம் போயிருக்கிறது! காலையில் கட்டு திரும்பி வந்தது. ‘அசைபோடு’ மேல் சிவப்பு மையில் சரி. ‘பயமின்றி’க்குக் கீழே மட்டும் கோடு, ஓரத்தில் ‘நன்று’. முப்பது வருடத்தில் அவர் யாருக்கும் ‘நன்று’ போட்டதாகச் சரித்திரம் இல்லை.

அதற்கு அடியில் மற்றது. சிவப்பு மையில்: ‘ச வரிசை உங்களுடையது அல்ல. கேட்டவர் யார், கேட்டது என்ன என்று எடுத்துக்காட்டில் தெளிவில்லை. அட்டை போதாது. நேரில் சொல்லவும்.’

தலை நிமிர்த்தவே இல்லை நான். மதியம் என் மேசையைத் தாண்டிப் போகும்போது, “பண்ணை ஞாயித்துக்கிழமையும் தொறந்திருக்கும்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 27, ஞாயிறு

இஸ்திரி போட்ட புடவை. தங்கை இந்தத் தடவை கொசுவத்தைச் சரி செய்துவிட்டாள்.

மேனேஜர் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. அட்டை கைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

“நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டீங்கல்ல. எனக்குச் சம்மதம்” என்றேன். என் குரல்தானா அது?

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. “எண்ணிக்கை தப்பிப்போச்சு” என்றார்.

“முதல்லேர்ந்து எண்ணலாம்” என்றேன்.

எண்ணினோம். ஐம்பத்தெட்டு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று ‘அச்சம்’ அட்டை. பொருள் சட்டென்று வந்துவிட்டது. எடுத்துக்காட்டுக்குத்தான் என்னிடம் சரக்கு இல்லை. தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதினேன்: ‘பல் மருத்துவர் என்றாலே அவளுக்கு அச்சம்.’