கிளிப்பச்சைச் சேலையும் மயிலும்

ஷைனி அப்பாவுக்கு,

நான் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு பஸ் ஏறுறேன். சாயங்காலப் பூசை முடிஞ்சுதான் வருவேன். கருவாட்டுக் குழம்பு சட்டியில இருக்கு, சோறு மட்டும் வடிச்சுக்கங்க. கொல்லைக் கதவுச் சாவி மாதா படத்துக்குப் பின்னால இருக்கு.

நேத்துலேருந்து நான் உங்ககிட்ட பேசல. இப்பவும் பேசல, எழுதத்தான் செய்றேன்.

மிளகாய்ச் செடியைக் கொத்துற மயிலை விரட்டணும்னு, எங்கம்மா கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் குடுத்த கிளிப்பச்சைச் சேலையைக் கொல்லைப் பொம்மைக்குச் சுத்தி வச்சீங்க. ஏன்னு கேட்டா, "இதப் பாத்தாலே மயிலு வேப்பந்தட்டை மலைக்கு ஓடிரும்"னு சிரிச்சீங்க.

இன்னைக்குக் காலையில அந்த மயில் வந்துச்சு. மிளகாயைத் திரும்பிக்கூடப் பார்க்கல. பொம்மைக்கு முன்னால நின்னு, தோகையை முழுசா விரிச்சு, சுத்திச் சுத்தி ஆடுச்சு. என் காபி ஆறிப்போச்சு.

பொம்மையைப் பிரிச்சிராதீங்க. மிளகாய் போனா சந்தையில வாங்கிக்கலாம். அந்தச் சேலையோட அருமை தெரிஞ்ச ஆளு ஒண்ணாவது இந்த வூட்டுல இருக்கட்டும்.

விண்ணரசி

குழம்புல கோவத்துல உப்புப் போட மறந்துட்டேன், போட்டுக்கங்க.

மயில் மறுபடி வந்தா விரட்டாதீங்க. பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்கங்க.